215, 1: ஒரு கண்ணாடிப் பலகை லினக்ஸில் இயங்கிய வரலாறு

2010 ஜூலை 27 அன்று ஆப்பிள் நிறுவனம் மேஜிக் ட்ராக்பேட் என்னும் கம்பியில்லாத் தொடுபலகையை 69 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினியத் தட்டின்மேல் பதித்த கண்ணாடிப் பரப்பு, பின்விளிம்பில் இரண்டு ஏஏ பேட்டரிகளைத் தாங்கும் உருளை, அடியில் சிறு ரப்பர்ப் பாதங்கள். பலகையை அழுத்தும்போது மேசைமீது நசுங்கும் முன்பாதங்களே அதன் பொத்தான்கள். கணினியுடன் அது பேசுவது புளூடூத் வழியாக. புளூடூத் எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமையான நெறிமுறை அன்று. எனினும் நிறுவனம் அறிவித்த தேவை ஒன்று இருந்தது: மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு.

அந்தப் பலகையை அவ்வாண்டில் லினக்ஸ் கணினியுடன் இணைத்தவர் கண்டது வியப்பான காட்சி. நான்கு சுழிகளைக் கடவுச்சொல்லாகக் கொடுத்தால் இணைப்பு உடனே கிடைத்தது. ஒரு விரலை வைத்து நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அழுத்தினால் சொடுக்கு விழுந்தது. இரண்டாவது விரலை வைத்தால் ஒன்றும் நிகழவில்லை. பக்கத்தை உருட்ட வழியில்லை, வலச் சொடுக்கு இல்லை, விரித்துச் சுருக்குவதும் இல்லை. பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் ஆற்றலுக்காக விலைகொடுத்து வாங்கிய கருவி, ஒற்றைப் பொத்தான் மவுஸாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டு அதற்குமேல் வாய் திறக்க மறுத்தது.

கருவிக்குப் பல விரல்கள் தெரியாமல் இல்லை. எல்லாவற்றையும் அது உணர்ந்துகொண்டுதான் இருந்தது. கேட்க வேண்டிய முறையில் கேட்டால் மட்டுமே சொல்லும்படி அது ஆக்கப்பட்டிருந்தது. கேட்கும் அந்த முறை இரண்டே இரண்டு பைட்டுகள்: 215, 1. இந்த இரண்டு எண்களைக் கருவிக்கு அனுப்பினால் மவுஸ் வேடம் கலைந்து, ஒவ்வொரு விரலின் இடமும் அளவும் கோணமும் புளூடூத் வழியே வரத் தொடங்கும். மேக் இயங்குதளத்துக்கு இது தெரியும். வேறு எந்த இயங்குதளத்துக்கும் அது சொல்லப்படவில்லை. இந்த எண்கள் வெளிப்பட்டதையும், வெளிப்பட்ட பின்னரும் ஒரு பயனரின் விரல்நுனிக்கு அதன் பலன் வந்துசேர ஆண்டுகள் பல ஆனதையும் பற்றியது இவ்வரலாறு.

தொடக்கத்தைச் சற்றுப் பின்னே சென்று தேட வேண்டும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த வேய்ன் வெஸ்டர்மனுக்குத் தட்டச்சால் கையில் தொடர்வலி. விசைகளை அழுத்த வேண்டாத, விரல் பட்டாலே போதும் என்ற பரப்பு அவருக்கு முதலில் ஓர் உடல் தேவை. ஆய்வுப் பொருளானது அதற்குப் பிறகு. அங்கேயே பேராசிரியராக இருந்த ஜான் இலியாஸுடன் சேர்ந்து 1998இல் ஃபிங்கர்வொர்க்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை அவர் தொடங்கினார். டச்ஸ்ட்ரீம் விசைப்பலகை, ஐஜெஸ்சர் பேட் ஆகியவை அதன் பொருள்கள். 2005இல் ஆப்பிள் அந்நிறுவனத்தை வாங்கியது. ஐஃபோனும், மேக்புக் மடிக்கணினிகளின் பல்தொடு பலகைகளும், பின்னர் மேஜிக் ட்ராக்பேடும் அந்த மரபில் வந்தவை.

இந்தக் கிளைக்கதையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஃபிங்கர்வொர்க்ஸ் கருவிகள் விரலசைவின் பொருளைத் தமக்குள்ளேயே கண்டறிந்தன. இரு விரல்கள் கீழே இழுபட்டால் 'உருட்டு' என்ற முடிவைக் கருவியே எடுத்து, அதைச் சாதாரண மவுஸ் சக்கரம் அனுப்பும் அதே செய்தியாகக் கணினிக்கு அனுப்பியது. கணினியின் கண்ணுக்கு அது வழக்கமான யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் மட்டுமே. ஆகவே விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற வேறுபாடு அங்கே எழவில்லை. ஆப்பிளின் வடிவமைப்பில் அந்த அறிவு கருவியிலிருந்து வெளியேறி இயங்குதளத்துக்குள் குடிபுகுந்தது. கருவி விரல்களின் இருப்பிடத்தை மட்டும் சொல்லும். பொருள் கொள்வது இயங்குதளத்தின் வேலை. பொறியியல் நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. புதிய சைகை ஒன்றைச் சேர்க்கக் கருவியை மாற்ற வேண்டியதில்லை. அசைவும் திரையும் ஒன்றோடொன்று இழையும். ஆயினும் விளைவு ஒன்றைத் தவிர்க்க இயலவில்லை. எந்தக் கணினியிலும் வேலை செய்த கருவியின் வாரிசு, ஒரே நிறுவனத்தின் கணினியில் மட்டும் முழுமை பெறும் கருவியாயிற்று. ஃபிங்கர்வொர்க்ஸ் பொருள்களின் உற்பத்தி 2005உடன் நின்றது. கைவலிக்காக அவற்றையே நம்பியிருந்தோர் பழைய பொருள்களைத் தேடி அலைய நேர்ந்தது.

லினக்ஸ் உலகம் 2010இல் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆப்பிள் மடிக்கணினிகளின் தொடுபலகைகளுக்கென இயக்கிகள் முன்பே எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் முதன்மையானது ஹென்ரிக் ரிட்பெர்க் 2008இல் எழுதிய பிசிஎம்5974. அதை எழுதும்போது அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு கருவியைவிட லினக்ஸைச் சார்ந்தது. பல விரல்களைக் கருவி சொன்னாலும் அதைக் கேட்டு மேலே கொண்டுசெல்லும் மொழி லினக்ஸ் கெர்னலில் இல்லை. உள்ளீட்டு அடுக்கு 'எக்ஸ் இவ்வளவு, ஒய் இவ்வளவு' என்று ஒரே ஒரு புள்ளியை மட்டும் அறிந்திருந்தது. பத்து விரல்களை ஒற்றைப் புள்ளியின் இலக்கணத்தில் சொல்லிவிட முடியாது. ரிட்பெர்க் அதற்கென ஒரு நெறிமுறையை வகுத்தார். 2009 ஜூன் மாதம் வெளிவந்த 2.6.30 கெர்னலில் அது இடம்பெற்றது. முதல் வடிவில் விரல்கள் பெயரற்றவை: ஒவ்வொரு முறையும் எல்லாப் புள்ளிகளும் வரிசையாகக் கொட்டப்படும், எந்தப் புள்ளி எந்த விரலின் தொடர்ச்சி என்பதைப் பெறுபவர்தாம் ஊகிக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் வடிவில் ஒவ்வொரு விரலுக்கும் ஓர் இருக்கையும் ஓர் அடையாள எண்ணும் கிடைத்தன. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் திரைகளும் பேசுவது இந்த நெறிமுறையைத்தான். ஆப்பிள் மடிக்கணினி ஒன்றை லினக்ஸில் சரிவர இயக்க ஒருவர் மேற்கொண்ட முயற்சியின் கிளையில் அது வளர்ந்தது என்பதை அவற்றைப் பயன்படுத்துவோர் அறிய வாய்ப்பில்லை.

கம்பியில்லாக் கருவிகளின் பக்கம் முதல் கதவைத் திறந்தவர் மைக்கேல் பூல். 2009 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட மேஜிக் மவுஸின் முதுகுப்புறம் முழுவதும் தொடு பரப்பு. அதுவும் இதே வேடத்தைத்தான் போட்டது. பூல் எழுதிய இயக்கி 2010 மே மாதம் வந்த 2.6.34 கெர்னலில் சேர்ந்தது. 215, 1 என்னும் இரண்டு பைட்டுகள் பொதுவெளியின் மூலநிரலில் பதிவானது அதில்தான்.

இத்தகைய எண்களைக் கண்டறிவதற்குக் கருவியைப் பிளக்க வேண்டியதில்லை. தெரிந்த இயங்குதளமும் கருவியும் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டால் போதும். இணைப்பு தோன்றிய முதல் சில நொடிகளில் கணினி அனுப்பும் செய்திகளைப் பதிவுசெய்து, அவற்றைத் தனித்தனியாகத் திரும்ப அனுப்பிப் பார்த்து, எதற்குக் கருவி மாறுகிறது என்று காண்பது இத்துறையின் பழகிய வழி. கேட்பதற்கு எளிது. ஆனால் கருவி எப்போதும் நேர்மையாக விடையளிப்பதில்லை. இந்த வகைக் கருவிகளுள் சில, 215, 1 கிடைத்ததும் 'அப்படியோர் அறிக்கை எண்ணே இல்லை' என்று பிழைச் செய்தியை அனுப்பிவிட்டு, அதே கணத்தில் பல்தொடு நிலைக்கு மாறியும் விடுகின்றன. 'முடியாது' என்று சொல்லிக்கொண்டே செய்து முடிக்கும் அலுவலக உதவியாளர் போல! அதனால் லினக்ஸ் இயக்கியில் அந்தக் குறிப்பிட்ட பிழையை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளும் விதி சேர்க்கப்பட்டது. அதன் அருகில் எழுதப்பட்ட விளக்கக் குறிப்பு, வேறு வழி தென்படாததால் இந்த அசிங்கமான சோதனை என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறது. நிறுவனம் ஆவணத்தைத் தராத இடத்தில் எழுதப்படும் நிரல் எத்தகைய சமரசங்களால் ஆனது என்பதற்கு அந்தச் சில வரிகளைவிடச் சிறந்த சான்று தேடக் கிடைக்காது.

மேஜிக் ட்ராக்பேட் வெளிவந்த சில வாரங்களிலேயே, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய சேஸ் டக்ளஸ், பூலின் இயக்கியை அதற்கும் விரிவாக்கும் திருத்தங்களை முன்வைத்தார். விழித்தெழச் செய்யும் எண்கள் அவையே. பேசும் மொழி மட்டும் சற்று மாறியிருந்தது. மவுஸ் ஒவ்வொரு விரலையும் 8 பைட்டுகளில் சொன்னது. ட்ராக்பேட் 9 பைட்டுகளில் சொன்னது. நான்கு பைட் முன்னுரை, அதைத் தொடர்ந்து விரலுக்கு ஒன்பது பைட் என்ற கணக்கு. அந்த ஒன்பதுக்குள் தகவல்கள் சீராக அடுக்கப்படவில்லை. கிடைவாக்கு இடத்தைக் குறிக்கும் 13 பிட்டுகளில் எட்டு முதல் பைட்டிலும் மீதி ஐந்து இரண்டாம் பைட்டிலும் உள்ளன. செங்குத்து இடத்தின் 13 பிட்டுகளோ மூன்று பைட்டுகளில் 3, 8, 2 எனச் சிதறிக்கிடக்கின்றன. புளூடூத்தின் குறுகிய பாதையில் ஒரு பிட்டைக்கூட வீணாக்காமல் திணித்த சிக்கனம் அது. போதாததற்குச் செங்குத்து அளவு தலைகீழ்: விரல் மேலே போனால் எண் கூடும், திரையின் வழக்கமோ கீழே போனால் கூட வேண்டும். இயக்கி அந்த எண்ணின் குறியை மாற்றி நேராக்குகிறது.

பரப்பின் எல்லைகளும் எவரும் சொல்லித் தந்தவையல்ல. இயக்கியின் மூலநிரலில் பரப்பின் அகலம் 130 மில்லிமீட்டர், உயரம் 110 மில்லிமீட்டர் என்ற அளவுகளுடன், கிடைவாக்கில் −2909 முதல் 3167 வரை, செங்குத்தாக −2456 முதல் 2565 வரை என்று எல்லை எண்கள் பதிவாகியுள்ளன. சுழியம் பரப்பின் நடுவில் சரியாக அமையாமல் சற்றே விலகி நிற்பதை எண்களே காட்டுகின்றன. வடிவமைப்பு ஆவணத்திலிருந்து படியெடுத்திருந்தால் எண்கள் இவ்வளவு கரடுமுரடாக இருக்கமாட்டா. விரலை ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் பொறுமையாக இழுத்துக் கண்ட முடிவின் தடம் அவற்றில் தெரிகிறது. மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 46 படிகள் என்ற துல்லியம் அந்தக் கணக்கில் கிடைக்கிறது.

எல்லாமும் படித்தறியப்படவில்லை என்பதையும் அந்த இயக்கி மறைக்கவில்லை. விரலின் நிலையைக் குறிக்கும் புலத்தின் பொருள் முழுதும் விளங்காத காலத்தில், 'பொருள் அறியப்படாததை அப்படியே தெரிவி' என்னும் பொருளில் ஒரு விருப்பத் தேர்வு அதில் வைக்கப்பட்டது. அதை இயக்கினால் புரியாத அந்தத் துண்டு எந்த விளக்கமும் ஏற்றப்படாமல் மேலே அனுப்பப்படும். பின்னால் வருபவர் எவரேனும் அதைப் படித்துக்கொள்ளலாம். கல்வெட்டுப் படியெடுப்போர் சிதைந்த எழுத்தின் இடத்தில் தம் ஊகத்தை நிரப்பாமல் புள்ளிகளை இட்டு விடுவது நினைவுக்கு வருகிறது. வாசித்தது இவ்வளவு, வாசிக்காதது இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் அந்த ஒழுக்கம் ஒரு வன்பொருள் இயக்கியிலும் இருப்பது ஆய்வுலகத்தினர் மகிழத்தக்க செய்தி.

கெர்னலுக்குள் பத்து விரல்களும் வந்து சேர்ந்தன. அப்படியும் பயனர் இரு விரல்களால் பக்கத்தை உருட்டியபாடில்லை. கெர்னலுக்கு மேலே திரையையும் உள்ளீட்டையும் நிர்வகித்த எக்ஸ் சாளர முறை 1980களில் பிறந்தது. அதன் உலகில் ஓர் அம்புக்குறி, சில பொத்தான்கள், ஒரு விசைப்பலகை ஆகியவையே உண்டு. கனானிக்கல் 2010 அக்டோபரில் வெளியிட்ட உபுண்டு 10.10இல் யூடச் என்ற பெயரில் தனக்கான சைகை அடுக்கு ஒன்றைச் சேர்த்தது. எக்ஸ் சாளர முறைக்குள்ளேயே பல்தொடு முறையைக் கொண்டுவரும் பணியை டக்ளஸ், பீட்டர் ஹட்டரர், டேனியல் ஸ்டோன் ஆகியோர் மேற்கொண்டனர். 2012 மார்ச்சில் வந்த 1.12 பதிப்பில் அது நிறைவேறியது. ஒரு விரல் இரண்டு சாளரங்களின் எல்லையில் வைக்கப்பட்டால் அது யாருக்குச் சொந்தம், சைகை என்று ஒரு நிரல் எடுத்துக்கொண்ட தொடுகையை அது பின்னர் வேண்டாம் என்று விட்டால் அடுத்தவருக்கு எப்படித் தருவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடைகாண வேண்டியிருந்தது. யூடச் நிலைக்கவில்லை. அதைத் தாங்கிய பெருங்கனவான யூனிட்டி 8ஐ 2017 ஏப்ரலில் கனானிக்கல் கைவிட்டது. நிறுவனத் திட்டம் மறைந்தது. அத்திட்டத்தின்போது கெர்னலுக்குள் சென்ற வரிகள் மட்டும் தங்கிவிட்டன. இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணக்கிடைக்கும் போக்கு இது.

இன்று லினக்ஸ் மேசைக்கணினியில் தொடுபலகை வேலை செய்யும் முறை பெரிதும் லிப்இன்புட் என்னும் நூலகத்தின் வழி அமைந்தது. யோனாஸ் ஓடால் தொடங்கி, பீட்டர் ஹட்டரர் வளர்த்த அது 2015 ஆகஸ்டில் 1.0 பதிப்பை எட்டியது. பலகையில் பட்டிருப்பது விரலா, ஓய்வெடுக்கும் கட்டைவிரலா, தவறுதலாகச் சாய்ந்த உள்ளங்கையா என்று பிரித்தறிவது அதன் வேலைகளுள் ஒன்று. முதல் மேஜிக் ட்ராக்பேட் அழுத்தத்தின் அளவைச் சொல்வதில்லை; ஆகவே தொடுகையின் பரப்பைக் கொண்டே இம்முடிவை எடுக்க வேண்டும். கருவிக்குக் கருவி மாறும் இத்தகைய எல்லைகளுக்காக அந்நூலகம் ஒரு விதிவிலக்குப் பட்டியலையே வைத்திருக்கிறது. இந்த ட்ராக்பேடுக்கும் அதில் தனி வரி உண்டு. மூன்று விரலால் பணிவெளிகளைத் தள்ளுவதை க்நோம் மேசைத்தளம் தன் இயல்பான வழியாக்கிக்கொண்டது 2021 மார்ச்சில் வந்த 40ஆம் பதிப்பில். கருவி கடைக்கு வந்து அதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இவ்விடத்தில் சட்டத்தின் பக்கமும் ஒரு பார்வை தேவை. ஆப்பிள் பல்தொடு தொடர்பான காப்புரிமைகளை உறுதியாகக் காத்த காலம் அது. பூலின் இயக்கி கெர்னலுக்குள் வந்த அதே வசந்தத்தில், 2010 மார்ச்சில், எச்டிசி நிறுவனத்தின்மீது அது வழக்குத் தொடுத்திருந்தது. காப்புரிமை வேறு, இணைந்தியங்குவதற்காகப் பிறர் கருவியின் மொழியைக் கண்டறிவது வேறு. பின்னதற்கு அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டின் சேகா – அக்கோலேட் தீர்ப்பு ஓர் அரண். ஐரோப்பாவில் 1991ஆம் ஆண்டின் மென்பொருள் ஆணை அதே உரிமையை எழுத்திலேயே தந்தது. இந்தியாவின் நிலை பலரும் நினைப்பதைவிடத் தெளிவானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999இல் நிறைவேறிய திருத்தம், 52ஆம் பிரிவில் ஒரு விலக்கைச் சேர்த்தது: தனித்து உருவாக்கிய ஒரு நிரல் பிற நிரல்களுடன் இணைந்தியங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிடில், நிரலை முறையாக வைத்திருப்பவர் அதைப் பெறுவதற்கு வேண்டிய செயலைச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது. நாட்டில் கட்டற்ற மென்பொருள் பற்றிய உரையாடல்களில் விலையும் தாய்மொழியும் பேசப்படும் அளவுக்கு இந்த உட்பிரிவு பேசப்படுவதில்லை. தில்லி நேரு பிளேஸிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் பழைய கருவிகள் தாம் பிறந்த கணினியைப் பிரிந்து தனியே விலைபோவது அன்றாட நடப்பு. அத்தகைய கருவி வாங்கியவர் கையில் உயிர்பெறுமா என்பதை முடிவுசெய்வதில் இந்த உட்பிரிவுக்கும் பங்குண்டு.

ஆப்பிளின் சொந்த வாடிக்கையாளர்களும் இந்தச் சுவருக்கு வெளியே நின்றதுண்டு. 10.6 பதிப்பு பவர்பிசி செயலிகளைக் கைவிட்டுவிட்டது. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் விலைகொடுத்து வாங்கிய பவர்பிசி மேக் கணினி, அதே நிறுவனத்தின் புதிய ட்ராக்பேடுக்கு ஆதரவற்ற இயங்குதளமாகிவிட்டது. விண்டோஸ் பயனர்களுக்கு நிலை வேறு. மேக் கணினியிலேயே விண்டோஸை நிறுவுவோருக்காக பூட் கேம்ப் வழியாக ஆப்பிள் ஓர் இயக்கியைத் தந்தது. பிற கணினிகளில் வேண்டுவோர் அந்தத் தொகுப்பிலிருந்து உரிய கோப்பைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினர். பின்னாளில், மைக்ரோசாஃப்டின் துல்லியத் தொடுபலகை வரையறைக்கு ஏற்ப, தனியொருவர் முயற்சியாகத் தொடங்கிய கட்டற்ற இயக்கியும் வந்தது. ஆனால் 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு முதல், புதிய கெர்னல் இயக்கிகள் மைக்ரோசாஃப்டின் தளம் வழியாகவே கையொப்பம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருந்தது. நிரலை எழுதுவது ஒரு வேலை. அதைப் பிறர் கணினியில் ஏற்றும் அனுமதிச் சான்றுக்குப் பணம் கட்டுவது வேறொரு வேலை. லினக்ஸில் அந்த இரண்டாவது சுமை பெரும்பாலும் இல்லை.

திறந்த வழியின் பலவீனம் வெளிப்பட்ட தருணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை. 2014இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் லினக்ஸின் உள்ளீட்டு இயக்கிகள் பலவற்றைச் சோதித்தபோது, மேஜிக் மவுஸ் இயக்கியும் சிக்கியது. ஒன்பது ஒன்பது பைட்டாக விரல்களை எண்ணும் அந்த இயக்கி, எத்தனை விரல்கள் வரக்கூடும் என்பதற்கு எல்லை வைக்கவில்லை. உண்மையான பலகை அளவுக்கு மீறிச் சொல்லாது என்ற நம்பிக்கையே அதன் அடித்தளம். ஆனால் தன்னை மேஜிக் ட்ராக்பேட் என்று பொய் சொல்லிக்கொண்டு வரும் வேறொரு கருவி, வரம்பற்ற தகவலைக் கொட்டிக் கெர்னலின் நினைவகத்தைச் சிதைக்கலாம். பதினைந்துக்கு மேல் விரல்கள் வந்தால் எச்சரிக்கை எழுதிவிட்டு அந்த அறிக்கையைப் புறந்தள்ளும் சில வரிகள் அதன்பின் சேர்ந்தன. எவரும் படிக்கக் கூடிய நிரல் என்பதால் குறை தானாக வெளிப்பட்டுவிடும் என்று சொல்லப்படுவதுண்டு. இந்தக் குறை நான்கு ஆண்டுகள் திறந்த வெளியில் கிடந்தது. ஒருவர் உட்கார்ந்து படித்த நாளில்தான் வெளிப்பட்டது.

2015 அக்டோபர் 13 அன்று மேஜிக் ட்ராக்பேட் 2 வந்தது. பேட்டரி உருளை மறைந்து உள்ளேயே மின்கலம் பொருத்தப்பட்டது. விலை 129 டாலர். அகலம் 160 மில்லிமீட்டர். அழுத்தும்போது இப்போது எதுவும் கீழே இறங்குவதில்லை. அழுத்தத்தை உணரிகள் அளக்க, உள்ளிருக்கும் அதிர்வி ஒன்று சொடுக்கின் உணர்வை விரலுக்கு உண்டாக்குகிறது. லினக்ஸைப் பொறுத்தவரை 2010இன் காட்சி அப்படியே மீண்டும் அரங்கேறியது: ஒரு விரல் நகர்கிறது, இரண்டாவது விரலுக்கு விடை இல்லை. பழைய 215, 1 இதனிடம் செல்லுபடியாகவில்லை. புளூடூத் வழியானால் 241, 2, 1. கம்பி வழியானால் 2, 1. கம்பியில் வரும் அறிக்கையின் முன்னுரை நான்கு பைட்டுக்குப் பதில் பன்னிரண்டு. கருவி தன் நிறுவனத்தை அறிவிக்கும் எண்கூட இணைப்பைப் பொறுத்து மாறியது: கம்பியில் 1452, புளூடூத்தில் 76. முதல் பலகைக்குச் சில வாரங்களில் கிடைத்த விடை, இரண்டாம் பலகைக்குக் கெர்னலில் கிடைக்க மூன்றாண்டுகளுக்கு மேலாயிற்று. இடைக்காலத்தில் சிலர் தாமாக எழுதிய இயக்கிகளைப் பொதுவெளியில் வைத்தனர். ஒவ்வொரு முறை கெர்னல் புதுப்பிக்கப்படும்போதும் அவற்றை மீண்டும் தொகுத்து ஏற்ற வேண்டும். மறந்த நாளில் மேசைமீது ஊமைப் பலகை. கிளாடியோ மெட்லர் முன்னர் செய்திருந்த பணியையும் சேர்த்துக்கொண்டு, குரோமியம் திட்டத்தைச் சார்ந்த ஷான் ஓ'பிரையன் அளித்த திருத்தம் 2018 டிசம்பர் 23 அன்று வெளிவந்த 4.20 கெர்னலில் நிலைபெற்றது.

2010க்கும் 2018க்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டாம் பலகையின் புதிர் முதலாவதைவிடக் கடினமானதன்று. 2010இல் உபுண்டுவைத் தொடுதிரைகளுக்குக் கொண்டுசெல்ல விரும்பிய நிறுவனம் ஒன்று அவ்வேலைக்குச் சம்பளம் கொடுத்தது. 2015இல் அந்த ஆர்வம் வடிந்திருந்தது; குரோம் ஓஎஸ் பக்கமிருந்து ஆர்வம் வரும்வரை தன்னார்வலர்களின் மாலை நேரங்களே மூலதனம். எண்கள் அவர்களிடம் முன்பே இருந்தன. அவற்றைக் கெர்னல் ஏற்கும் வடிவில் எழுதி, பராமரிப்பாளரின் திருத்தக் கோரிக்கைகளுக்கு ஒவ்வொன்றாக ஈடுகொடுத்து, மறுபடி அனுப்பும் நீண்ட வேலைக்கே ஆள் தேவைப்பட்டது.

இணைத்தல் என்னும் சிறு தொல்லை இன்றும் முழுதாகத் தீரவில்லை. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பவர் இதை நன்கு அறிவார். புளூடூத்தில் இணையும்போது கருவியும் கணினியும் ஒரு மறைகுறியைப் பகிர்ந்துகொள்கின்றன. மேக்கில் இணைத்தபின் லினக்ஸில் இணைத்தால் புதிய மறைகுறி பழையதை அழிக்கிறது. இரண்டும் ஒரே புளூடூத் முகவரியைக் காட்டுவதால் பலகைக்கு இது வேறு வீடு என்பது தெரியாது. ஒரு பக்கத்து மறைகுறியை எடுத்து மறுபக்கத்துக் கோப்பில் கையால் எழுதிவைப்பதே இதற்குப் பயனர்கள் கண்ட வழி.

2024 அக்டோபரில் ஆப்பிள் அந்தப் பலகையின் மின்னேற்றத் துளையை யுஎஸ்பி-சி வகைக்கு மாற்றியது. மொழி மாறவில்லை, அடையாள எண் மாறியது: முன்பு 613, இப்போது 804. அந்த எண் தெரியாத கெர்னலுக்கு அது மீண்டும் அறிமுகமற்ற மவுஸ். இயக்கியின் பட்டியலில் புதிய எண்ணைச் சேர்த்ததும் விரல்கள் அனைத்தும் திரும்பி வந்தன. அதே மூலநிரல் கோப்பில் மைக்கேல் பூலின் பெயரும் 2010 என்ற ஆண்டும் தலைப்பில் நிற்கின்றன. பொருள் அறியப்படாததை அப்படியே தெரிவிக்கும் அந்த விருப்பத் தேர்வும் இன்னும் அங்கேயே இருக்கிறது, இயல்பு நிலையில் அணைக்கப்பட்டபடி.